காவலரைக் கட்டிய கயிறு

காஞ்சியிலே, பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் ஒன்றிலே, குழித்தறியில் கால் பதித்து முப்பதாண்டுக் காலம் பட்டு நெய்த தொழிலாளி ஒருவரை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். பெயர் வேண்டாம்; எந்தப் பெயரிட்டாலும் பொருந்தும். அவருக்கு இருமல். முதலில் தூசி என்றார்கள். பிறகு குளிர் என்றார்கள். சளியிலே செந்நிறம் கண்டதும் காசநோய் என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினார். இருமல் நின்றபாடில்லை. கடைசியில் யாரோ ஒரு மருத்துவர் சி.டி. படம் எடுக்கச் சொன்னார். நுரையீரலிலே கட்டி! புற்று!

அறுவை நடந்தது. கட்டி முழுவதும் அகற்றப்பட்டது என்று மருத்துவர் சொன்னபோது, வீட்டிலே விளக்கேற்றினார்கள். அடைபட்டிருந்த மூச்சு அனைவருக்கும் வந்தது. ஆனால் மருத்துவர் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னார்: "நோய் திரும்பி வராதிருக்க, உடலின் எதிர்ப்பாற்றலை எழுப்பிவிடும் மருந்து ஒன்று உண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டுக் காலம் ஏற்றிக்கொள்ள வேண்டும்." விலையையும் சொன்னார். அந்த நெசவாளி, ரூபாயிலே கணக்குப் பார்க்கவில்லை. சேலையிலே கணக்குப் பார்த்தார். ஆயுள் முழுதும் நெய்த சேலைகளின் கூலி அத்தனையும் சேர்த்தாலும் அந்த ஓராண்டு மருந்துக்கு ஈடாகுமோ என்ற ஐயம் எழுந்தது. எழுந்து வந்துவிட்டார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இந்தக் கற்பனையிலே பொய் இல்லை என்பதைப் புற்றுநோய் விடுதிகளின் தாழ்வாரத்தில் ஒரு நாழிகை நின்றவர் எவரும் அறிவர்.

"அரசியல் ஏட்டிலே மருத்துவப் பாடம் எதற்கு?" என்று கேட்பவர் இருப்பர். விடை கூறுகிறேன். மருந்து கண்டுபிடிக்கப்படாத வரையில் நோய் மருத்துவரின் கவலை. மருந்து கண்டுபிடிக்கப்பட்டு, அது அலமாரியிலே இருந்து, ஏழையின் கைக்கு எட்டாதுபோனால், அந்தக் கணமே அது அரசியல்! எட்டாத உயரத்தில் வைத்தது யார், எந்தச் சட்டம், எந்த ஏற்பாடு என்று கேட்பதைவிட அரசியலுக்கு வேறு வேலை என்ன இருக்கிறது?

முதலில் அந்த மருந்து இன்னதென்று அறிந்துகொள்வோம். அறியாதவர் கேட்கும் உரிமை, பாதி உரிமைதான்.

நம் உடலுக்குள்ளே ஒரு காவற்படை இருக்கிறது. குருதியிலே சுற்றித் திரியும் வெள்ளையணுக்கள். அவற்றுள்ளும் 'டி' அணுக்கள் எனப்படுபவை, வேற்றாளை இனங்கண்டு வீழ்த்தும் வீரர்கள். புற்றணுவோ வெளியிலிருந்து வந்த பகைவன் அல்ல. நம் உடலின் அணுவே நெறிகெட்டுத் திரிந்து பெருகுவதுதான் புற்று. வீட்டுப் பிள்ளையே கொள்ளைக்காரனாகிவிட்டால் காவலன் திகைக்கமாட்டானா? போதாக்குறைக்கு, அந்தப் புற்றணு ஒரு சூழ்ச்சியும் செய்கிறது. காவலணுவின் மேற்பரப்பிலே பி.டி.-1 என்றொரு கடிவாளம் இருக்கிறது. காவற்படை எல்லை மீறி உடலையே தாக்கிவிடாதிருக்க இயற்கை வைத்த கடிவாளம் அது. புற்றணு, பி.டி.எல்.-1 என்னும் தன் கையை நீட்டி அந்தக் கடிவாளத்தைப் பிடித்து இழுக்கிறது. காவலன் நிற்கிறான், கள்வன் வளர்கிறான்!

புதிய மருந்து புற்றணுவை நேரே கொல்வதன்று. கடிவாளத்துக்கும் கள்வன் கைக்கும் இடையே புகுந்து, பிடியை விடுவிப்பது. அட்டிசோலிசுமாப், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், துர்வாலுமாப் என்று வாய்க்குள் நுழையாத பெயர்கள். ஆனால் செய்யும் வேலை ஒன்றே: காவலரைக் கட்டிய கயிற்றை அறுப்பது.

இந்தக் கருத்து நேற்று முளைத்ததன்று. 1891-ஆம் ஆண்டு, நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், கடுங்காய்ச்சல் கண்ட புற்றுநோயாளர் சிலருக்குக் கட்டி கரைந்ததைக் கண்டு வியந்து, நோய்க்கிருமிகளை வேண்டுமென்றே செலுத்திப் பார்த்தார். காய்ச்சல் வந்தது, காவற்படை விழித்தது, சிலருக்குக் கட்டி கரைந்தது. ஏன் என்று அவரால் விளக்க இயலவில்லை. உலகம் அவரை ஐயத்தோடு பார்த்தது; கதிர்வீச்சு வந்தது, அவரை மறந்தது. நூறாண்டு கழித்து, 1992-இல் ஜப்பானின் கியோட்டோவிலே தசுக்கு ஹோன்ஜோவின் குழுவினர் அந்தக் கடிவாளத்தைக் கண்டறிந்தனர். அமெரிக்காவிலே ஜேம்ஸ் அலிசன் அதுபோன்ற வேறொரு கடிவாளத்தைத் தளர்த்தினால் புற்று ஒடுங்குவதைக் காட்டினார். 2018-இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வென்றது பொறுமை, தோழர்களே! ஒரு நூற்றாண்டுப் பொறுமை.

கோலி பணியாற்றிய அந்த மருத்துவமனைதான் பின்னாளில் மெமோரியல் ஸ்லோன்-கெட்டரிங் என்று பெயர்பெற்றது. அந்தப் பெயரைக் கேட்டதும் உங்கள் நெஞ்சிலே எது எழும் என்பதை அறிவேன். 1968-ஆம் ஆண்டு செப்டம்பரில், உணவுக் குழாயில் புற்றுக் கண்ட அண்ணா அறுவைக்காகச் சென்றது அங்கேதான். அறுவை நடந்தது, நாடு திரும்பினார், நாடே மகிழ்ந்தது. 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் அந்த மகிழ்ச்சி கண்ணீராயிற்று. அறுவைக்குப் பின்னும் புற்று மீளும் என்ற கொடும் பாடத்தைத் தமிழகம் பாடநூலில் படிக்கவில்லை. கடற்கரை மணலிலே நின்று படித்தது. அதே 1969-இல்தான், அவர் பிறந்த காஞ்சி மண்ணில், காரப்பேட்டையிலே, அவர் பெயரால் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

சமாதிக்குச் சலவைக்கல் போதும் என்று நின்றுவிடாமல், மாண்டவரின் நோயை மற்றவர்க்கு மாற்ற ஒரு மருத்துவமனை கண்ட மண் இது. அதற்கு முன்பே, 1954-இல், தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு நிலையத்தைத் தோற்றுவித்தார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை ஆலமரமாக்கினர். ஆகவே, தமிழகத்துக்குப் புற்றுநோய்ப் போர் புதிதன்று. இன்று ஏனாத்தூரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் காரப்பேட்டை இருக்கிறது. கட்டடமும் கல்வியும் கண்முன் நிற்கும் அந்த ஏனாத்தூர்ச் சாலையிலேதான், நம் நெசவாளி மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். கேள்வி அங்கே பிறக்கிறது.

அறுவை முடிந்தபின் மருந்து எதற்கு? களையைக் கைந்நிறையப் பிடுங்கினாலும் கண்ணுக்குத் தெரியாத விதை மண்ணிலே கிடக்கும் அல்லவா? நுரையீரல் புற்றின் இரண்டாம் கட்டத்திலும், மூன்றாம் கட்டத்தின் முற்பகுதியிலும், கட்டி அகற்றப்பட்டவர்களில் பலருக்கு நோய் மீள்கிறது. அறுவைக்குப் பின் பழைய பாணி வேதி மருந்து கொடுத்தால், ஐந்தாண்டு உயிரோடிருப்போர் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர் கூடுகிறது. நற்பயன்தான், ஆனால் சிறு பயன்.

இங்கேதான் எதிர்ப்பாற்றல் மருந்து நுழைகிறது. அட்டிசோலிசுமாப் மருந்தைச் சோதித்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. அறுவையும் வேதி மருந்தும் முடித்தவர்களுள், கட்டியிலே பி.டி.எல்.-1 காணப்பட்டோருக்கு 16 தடவை இதைக் கொடுத்தார்கள். மூன்றாண்டு கழிந்தபோது நோய் மீளாதிருந்தவர், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 60. பெறாதவர்களில் நூற்றுக்கு 48. அதே 2021 அக்டோபரில் அமெரிக்கா இதற்கு இசைவளித்தது. பெம்ப்ரோலிசுமாப் மருந்தைச் சோதித்த மற்றோர் ஆய்விலே, நோய் மீளாதிருந்த காலத்தின் நடுமட்டம் 42 மாதத்திலிருந்து ஏறத்தாழ 54 மாதமாக உயர்ந்தது. 2023 ஜனவரியில் அதற்கும் இசைவு கிடைத்தது.

கேட்டதும் கைதட்டத் தோன்றும். தட்டுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தட்டவேண்டாம். பகுத்தறிவு, பகைவன் பேச்சை மட்டும் சோதிப்பதன்று; நண்பன் தரும் நற்செய்தியையும் சோதிப்பது. நோய் மீள்வது தள்ளிப்போயிற்று என்பது மெய். ஆயுள் நீண்டது என்பதற்கு அட்டிசோலிசுமாப் ஆய்வின் ஐந்தாண்டுக் கணக்கும் ஐயமற்ற சான்று தரவில்லை. அதே வகை மருந்தான துர்வாலுமாபை அறுவைக்குப் பின் கொடுத்துப் பார்த்த ஆய்வு, 2024-இல் தோல்வி என்றே அறிவிக்கப்பட்டது. இன்னொரு புறம், நிவோலுமாபை வேதி மருந்தோடு சேர்த்து, அறுவைக்கு முன்பே மூன்றே மூன்று தடவை கொடுத்தார்கள். 2025-இல் வெளிவந்த ஐந்தாண்டுக் கணக்கின்படி, உயிரோடிருந்தவர் நூற்றுக்கு 65. வேதி மருந்து மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55. கட்டி உள்ளே இருக்கும்போதே காவலரை எழுப்பினால், கள்வனின் முகத்தை நன்றாகப் பார்த்துப் பழகிக்கொள்கிறார்கள் என்று காரணம் கூறுகின்றனர் அறிஞர்.

இந்த வேற்றுமையைச் சற்று உற்று நோக்குங்கள். பின்னால் கொடுத்தால் 16 தடவை. முன்னால் கொடுத்தால் 3 தடவை. அரசின் கருவூலத்துக்கும் ஏழையின் முடிச்சுக்கும் இதிலே எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது! எல்லா நோயாளிக்கும் ஒரே வழி பொருந்தாது. எவருக்கு எது என்று முடிவுசெய்வது மருத்துவர் குழு. ஆனால் அந்த முடிவு, கட்டியை வெட்டியெறிந்த பிறகு வரக்கூடாது. கத்தி எடுக்கும் முன்பே அறுவை மருத்துவரும் புற்று மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசியாக வேண்டும். அதற்குச் செலவு ஒரு மேசை, நான்கு நாற்காலி!

இன்னொன்றும் உண்டு. நுரையீரல் புற்று என்றாலே புகைத்தவனின் பாவம் என்று பழிப்போர் நம்மிடையே இருக்கிறார்கள். புகையும் பீடியும் முதற்பகை என்பதில் ஐயமில்லை. எனினும், வாழ்நாளில் பீடியைத் தொட்டறியாத பெண்கள் பலர் இந்நோயால் வாடுகின்றனர். அத்தகையோரின் கட்டியிலே ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாறுதல் அடிக்கடி காணப்படுகிறது; நம் நாட்டிலும் கிழக்காசியாவிலும் அது மேலைநாடுகளைவிட மிகுதி. அவர்களுக்கு எதிர்ப்பாற்றல் மருந்து பெரும்பாலும் பயன் தருவதில்லை. ஒசிமெர்டினிப் என்ற மாத்திரைதான் பொருந்தும். அறுவைக்குப் பின் அதை உட்கொண்டோரில் ஐந்தாண்டு வாழ்ந்தவர் நூற்றுக்கு 88, உட்கொள்ளாதவரில் 78 என்று 2023-இல் கணக்கு வெளிவந்தது. ஆகவே முதலில் வேண்டியது மருந்தன்று, சோதனை! கட்டியின் துணுக்கைச் சோதித்து இன்ன பூட்டு என்று அறியாமல், இலட்சம் கொடுத்துச் சாவி வாங்குவது அறிவுடைமையாகுமா?

கயிறறுந்த காவலர் எல்லோரும் நல்லவர்களாகவே நடப்பார்கள் என்றும் சொல்வதற்கில்லை. கடிவாளம் தளர்ந்த படை, சிலருக்கு உடலின் சொந்த உறுப்புகளையே தாக்கிவிடும். நுரையீரல் அழலும், குடல் புண்படும், கழுத்துச் சுரப்பி கெடும், ஈரல் வீங்கும். பெரும்பாலும் அடக்கிவிடலாம், உரிய நேரத்தில் கண்டால்! மருந்து சென்னையிலே, மூச்சுத்திணறல் உத்திரமேரூரிலே என்றால், இடையிலே ஓர் உயிர் போய்விடும். அதனால்தான் இந்த மருத்துவம் தலைநகரின் தனிச்சொத்தாக இருக்கக்கூடாது. மாவட்டத்தின் மருத்துவமனை இதை அறிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

இடையிலே ஒரு கூட்டம் புகுந்திருக்கிறது. அதையும் கண்டு வைத்துக்கொள்ளுங்கள். 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' பொடி, 'எதிர்ப்புச் சக்தி' இலேகியம், 'எதிர்ப்புச் சக்தி' நீர்! 2020-இல் கொரோனாவின் அச்சத்திலே செழித்த வாணிபம், புற்றுநோயாளியின் வாசலிலும் கடை விரித்திருக்கிறது. ஆய்வகத்தின் சொல்லைத் திருடி, அங்காடியின் சீசாவில் ஒட்டியிருக்கிறார்கள். கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்துக்கும், கருஞ்சீரகப் பொடிக்கும் பெயரில் ஒற்றுமை இருக்கலாம். பொருளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. புற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் குற்றமென்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. விளம்பரம் வீதியில் இருக்கிறது! உண்மை மருந்தின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால்தான் பொய் மருந்தின் கடையிலே கூட்டம் சேர்கிறது என்பதையும் மறவாதீர்கள். ஏழையின் அறியாமை பாதிக் காரணம். ஏழையின் இயலாமை மீதிக் காரணம்.

இனி, இரண்டாவது கயிற்றுக்கு வருவோம். முதற்கயிறு புற்று கட்டியது, அறிவியல் அறுத்துவிட்டது. இரண்டாவது கயிறு மனிதன் கட்டியது. அதன் பெயர் விலை!

பட்டியல் விலைப்படி இந்த மருந்துகள் ஒரு தடவைக்கே இலட்சக்கணக்கில் நிற்கின்றன. சலுகைத் திட்டங்கள் சில உண்டு, இருக்கட்டும். தடவைக்கு ஓர் இலட்சமே என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 16 தடவைக்கு 16 இலட்சம். தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் வரை கைகொடுக்கிறது. ஏழைகளுக்குப் பெருந்துணை அது. பல்லாயிரவரைக் காத்த திட்டம். ஆனால், ஆற்றைக் கடக்க மூன்றில் ஒரு பங்கு பாலம் போதுமா?

மைய அரசு எதுவும் செய்யவில்லை என்று கூறமாட்டோம். உள்ளதை உள்ளபடி சொல்வதே முறை. 2024-25-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் துர்வாலுமாப், ஒசிமெர்டினிப் உள்ளிட்ட மூன்று புற்று மருந்துகளுக்குச் சுங்கவரி நீக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் சரக்கு-சேவை வரியிலிருந்து விடுபட்ட 33 மருந்துகளில் அட்டிசோலிசுமாபும் ஒன்று. வரவேற்கிறோம். ஆனால் வரி என்பது விலையின் வால். தலையைத் தொடாமல் வாலை நறுக்கி, பாம்பை அடித்துவிட்டேன் என்பதா? தலை எது? காப்புரிமை!

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குத் தனியுரிமை தர மறுத்தது. செய்முறைக்கு மட்டும் தந்தது. அதனால்தான் இந்தியா ஏழை உலகத்தின் மருந்துக்கடை ஆயிற்று. 2005-இல், உலக வாணிப ஒப்பந்தத்துக்கு இணங்கி, பொருளுக்கே இருபதாண்டுத் தனியுரிமை என்று சட்டம் மாற்றப்பட்டது. மாற்றியவர்கள் கதவை அடைத்தபோதும், சாவி ஒன்றை உள்ளேயே வைத்தார்கள்: கட்டாய உரிமம். மக்களுக்கு எட்டும் விலையில் மருந்து கிடைக்கவில்லை என்றால், உரியவர் மறுத்தாலும், தகுந்த பங்குத்தொகை கொடுத்து, வேறொருவர் அதைச் செய்ய அரசு இசைவளிக்கலாம்.

அந்தச் சாவியைத் திருப்பிய நாள் ஒன்று உண்டு. 2012 மார்ச்சு. ஈரலிலும் சிறுநீரகத்திலும் வரும் புற்றுக்கான நெக்சாவர் என்ற மருந்து, மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய்க்கு விற்றது. ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கொடுக்கப்பட்டது. விலை 8,800 ரூபாய்! வழக்குமேல் வழக்கு வந்தது, உரிமம் நிலைத்தது. வானம் இடிந்து விழவில்லை, வாணிபம் நின்றுபோகவில்லை, நோயாளி மருந்து உண்டான். அவ்வளவுதான் நடந்தது. அன்று இருந்த துணிவு இன்று எங்கே என்று கேட்பது பகையுணர்ச்சி அல்ல, நினைவூட்டல்.

"எதிர்ப்பாற்றல் மருந்து மாத்திரையைப்போல் எளிதில் செய்வதன்று, உயிரணுக்களில் வளர்த்தெடுப்பது" என்பர். உண்மை. படியெடுப்பது கடினம், சோதனை நீண்டது, செலவும் மிகுதி. ஆனால் இந்திய நிறுவனங்கள் அந்தக் கலையை அறியாதவை அல்ல. மார்புப் புற்றுக்கான டிரஸ்டுசுமாபின் மறுபதிப்பை ஆண்டுக்கணக்கில் செய்து விற்கின்றன. நிவோலுமாபின் இந்தியக் காப்புரிமைக்கு 2026 மே மாதமே எல்லை. ஒரு மருந்தின் வேலி நீங்கும்போது, அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்யக் காத்துநின்றால் விலை சரியும். தனித்தனி நோயாளி கையேந்தி நின்றால் விலை அசையாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், கால் நூற்றாண்டுக்கு மேலாக, மருந்தை மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கும் வித்தையை நாட்டுக்கே கற்றுக்கொடுத்தது. அந்த வித்தையை இங்கே பயன்படுத்தினால் என்ன?

மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை மற்றொரு வழியைத் திறந்தது. தலை, கழுத்துப் புற்று முற்றியவர்களுக்கு, இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் என்ற வழக்கமான அளவுக்கு மாறாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் நிவோலுமாபை, விலை மலிந்த மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தனர். ஆறு வாரக் கணக்கிலே பார்த்தால் 720-க்குப் பதில் 40. பதினெட்டில் ஒரு பங்கு! ஓராண்டு உயிரோடிருந்தவர், மாத்திரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 16. இந்தச் சிற்றளவையும் சேர்த்துப் பெற்றோரில் நூற்றுக்கு 43. முழு அளவோடு ஒப்பிட்ட ஆய்வன்று இது. நுரையீரலில் அறுவை முடித்தவர்களிடம் நடத்தியதும் அன்று. ஆதலால், நாளையே அனைவருக்கும் சிற்றளவு போதும் என்று எவரும் எழுதித்தரக் கூடாது. ஆனால் கேள்வியைக் கேட்கும் உரிமையை அது நமக்குத் தந்துவிட்டது. மருந்து விற்போர் இந்த ஆய்வை நடத்தமாட்டார்கள். குறைவாக விற்பது எப்படி என்று எந்த வணிகன் ஆராய்ச்சி செய்வான்? அரசுதான் நடத்த வேண்டும். காரப்பேட்டையிலே, அடையாற்றிலே, மதுரையிலே நடத்தலாமே!

இத்தனையும் சொன்னபின், அடிப்படையான ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை அடித்தளமில்லா மாளிகை. அறுவைக்குப் பின் மருந்து என்கிறோம். அறுவைக்கே வருவோர் எத்தனை பேர்? நம் நாட்டில் நுரையீரல் புற்று பெரும்பாலும் முற்றிய பிறகே, கத்தி தொட முடியாத கட்டத்திலேதான் கண்டறியப்படுகிறது. காசநோய் மிகுந்த நாடு. இருமினால் காசநோய் என்று எண்ணுவது இயல்பு. எண்ணுவது பிழையன்று, சளிச் சோதனையில் கிருமி இல்லை என்றபின்னும், மாத்திரையால் குணமில்லை என்றபின்னும், மாதங்களைக் கழிப்பதே பிழை. அந்த மாதங்களில்தான் இரண்டாம் கட்டம் நான்காம் கட்டமாகிறது. வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்றின் புற்றைத் தேடும் அரசுத் திட்டம் உண்டு. நுரையீரல் அந்தப் பட்டியலில் இல்லை. நெடுங்காலம் புகைத்தோருக்குக் குறைந்த கதிர் சி.டி. படம் எடுத்துப் பார்த்தால், நுரையீரல் புற்றால் மாள்வோர் தொகை ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று 2011-லேயே அமெரிக்க ஆய்வு காட்டியது. காசநோய்த் தழும்பு மலிந்த நம் நாட்டில் அதை அப்படியே பெயர்த்து நட முடியாது. ஆனால், காசநோய் மையத்தின் வாயிலையே புற்றைக் கண்டறியும் வாயிலாக ஆக்கலாம். அதற்குப் புதுக்கட்டடம் வேண்டாம், புது ஆணை போதும்.

ஆகவே, நம் கோரிக்கைகளைத் தெளிவாக வகுத்துக்கொள்வோம்.

ஒன்று: சளியில் கிருமி இல்லாத, மருந்துக்கும் அடங்காத இருமலுக்கு, குறித்த காலத்துக்குள் சி.டி. படம்; செலவு அரசினுடையது.

இரண்டு: அறுவைக்கு முன்பே, கட்டியின் துணுக்கில் மரபணுச் சோதனையும் பி.டி.எல்.-1 சோதனையும், இலவசமாக.

மூன்று: பயன் உறுதியாகத் தெரிந்த நோயாளிக்குக் காப்பீட்டின் உச்சவரம்பு உயிரின் வரம்பாகிவிடாதபடி தனி நிதி.

நான்கு: மாநிலங்கள் கூடி மொத்தக் கொள்முதல், விலை இறங்க மறுத்தால், மைய அரசு கட்டாய உரிமத்தைக் கையில் எடுத்தல்.

ஐந்து: சிற்றளவு மருந்தின் பயனை அறிய அரசு மருத்துவமனைகளில் முறையான ஆய்வு.

இங்கே அதிகாரப் பங்கீட்டின் கோணலையும் பாருங்கள். மருத்துவமனையும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில். காப்புரிமை மையப் பட்டியலில். நோயாளியின் அழுகுரல் கேட்பது காஞ்சியிலே. விலையின் கடிவாளம் இருப்பது டில்லியிலே! மாநில அரசின் தேவைக்காகவும் காப்புரிமை பெற்ற பொருளைப் பயன்படுத்த வழி சட்டத்திலே இருக்கிறது. அதற்கு இசைவளிக்கும் கை மட்டும் மையத்தினுடையது. சுமப்பவன் ஒருவன், சுமையின் எடையை முடிவுசெய்பவன் வேறொருவன் என்ற ஏற்பாடு எத்தனை நாளைக்கு நியாயமாகத் தோன்றும்?

தோழர்களே! தீர்மானம் போட்டுக் கலைந்துவிடுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் தெருவிலே மூன்று வாரத்துக்கு மேல் இருமுகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். தேர்தல் நாளன்று அவர் வீட்டுக் கதவைத் தட்டி, கையைப் பிடித்து வாக்குச்சாவடிக்கு அழைத்துச் செல்லத் தெரிந்த நமக்கு, ஒரு புதன்கிழமை அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தெரியாதா? 'புற்று என்று வெளியில் சொன்னால் பெண்ணுக்கு வரன் வராது' என்று மூடி மறைக்கும் குடும்பத்திடம் அமர்ந்து பேசத் தெரியாதா? பொடி விற்க வருபவனிடம் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்காட்டத் தெரியாதா? படிப்பகத்தின் பலகையிலே, காரப்பேட்டை மருத்துவமனைக்குச் செல்லும் வழியையும் காப்பீட்டு அட்டை பெறும் முறையையும் எழுதிவைக்க ஒரு சுண்ணக்கட்டி போதுமே! சிறு பணிகள்தாம். ஆனால் ஒவ்வொரு சிறு பணியும், இரண்டாம் கட்டத்தில் ஒருவரைப் பிடித்து நிறுத்தும் பெரும் பணி.

அந்த நெசவாளியிடம் திரும்புவோம். அவர் மறுபடி தறியில் அமர்ந்திருக்கிறார். நுரையீரலில் ஒரு பகுதி இல்லை; மூச்சு சற்றுக் குறைவு; கை பழகிய வேகம் குறையவில்லை. யார் வீட்டு மணப்பெண்ணுக்கோ கோர்வைச் சேலையின் கரையை உடலோடு இணைத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு இழையும் பிடிபடுகிறதா என்று கூர்ந்து பார்க்கிறார்; ஓர் இழை விட்டுப்போனால் கரை பிரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அறிவியலையும் ஏழையையும் இணைக்கும் இடத்திலே அரசு விட்டுவிட்ட இழையும் அதைப் போன்றதே.

அவர் உடலின் காவலரைக் கட்டிய கயிற்றை அறுக்க அறிஞர் நூறாண்டு உழைத்தனர். அவர் வீட்டு வாசலில் கட்டியிருக்கும் இரண்டாவது கயிற்றை அறுக்க அத்தனை ஆண்டு வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம். கேட்கும் மக்களும், கேட்டதும் அசையும் அரசும் போதும். கேட்பது நம் கடமை. கேட்போம், ஓயாமல் கேட்போம்!